30,249-க்கு 30,249: ஒரு கவுண்டி பிரைமரியின் எண்களைப் படிப்பது எப்படி?

2024 ஏப்ரல் முதல் வாரம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கலிஃபோர்னியாவின் 16-ஆவது தொகுதியில் பிரைமரி, அதாவது நவம்பர் தேர்தலுக்கு முந்தைய தேர்வுச் சுற்று, நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சாண்டா கிளாரா, சான் மேட்டியோ என்ற இரண்டு கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பரந்து கிடக்கும் தொகுதி அது. பாலோ ஆல்டோ, மவுண்டன் வியூ, சான் ஹொசேயின் ஒரு பகுதி, கடற்கரைப் பக்கம் ஹாஃப் மூன் பே, பசிஃபிகா எல்லாம் இதற்குள் வரும். இரண்டு கவுண்டிகளும் கடைசி வாக்குச்சீட்டு வரை எண்ணிக் கூட்டிப் பார்த்தபோது, இரண்டாம் இடத்தில் இருவர் நின்றார்கள். எவன் லோ 30,249. ஜோ சிமிட்டியன் 30,249.

சுமார் 1,82,000 பேர் வாக்களித்த போட்டி. 11 வேட்பாளர்கள். ஒரு வாக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்திருந்தால் கதை வேறு.

சமநிலை ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதற்கு கலிஃபோர்னியாவின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்று, 2012 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, அங்கே அதிபர் பதவியைத் தவிர்த்த பெரும்பாலான பதவிகளுக்கு பிரைமரி என்பது கட்சிக்குள் நடக்கும் தேர்வு அல்ல. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள். எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் மோதுவார்கள். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. முதலிடத்தில் சான் ஹொசேயின் முன்னாள் மேயர் சாம் லிக்கார்டோ இருந்தார். 1993 முதல் அந்தப் பகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்தி வந்த ஆன்னா எஷூ ஓய்வு பெறுவதாக அறிவித்ததால் காலியான இடம். இப்படிப்பட்ட இடம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் காலியாகும் என்பதால் உள்ளூர்ப் புள்ளிகள் ஆளாளுக்கு இறங்கினார்கள். லோ மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். சிமிட்டியன் சாண்டா கிளாரா கவுண்டி மேற்பார்வையாளர் குழுவில் இருந்தவர். மூவருமே ஜனநாயகக் கட்சியினர். வாக்குகள் இப்படிச் சிதறியதால் இரண்டாம் இடத்தின் விலை 16.6 சதவீதத்துக்கு இறங்கியது. அதையும் இருவர் சமமாகப் பிடித்தால், சட்டப்படி இருவருமே முன்னேறுவார்கள். நவம்பரில் மும்முனைப் போட்டி.

அந்த 30,249 எப்படி உருவானது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் வந்த எண் அது இல்லை. அன்று சிமிட்டியன் லோவைவிட முன்னால் இருந்தார். நாள் செல்லச் செல்ல இடைவெளி தேய்ந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதைப் பார்த்த சிலருக்கு எழுந்த முதல் கேள்வி, “மார்ச் 5-இல் போட்ட வாக்கை ஏப்ரல் வரை எண்ண என்ன இருக்கிறது?” என்பதுதான். நியாயமான கேள்வி. பதில் சலிப்பூட்டும் அலுவலக வேலைகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மைய ஆணையம் அல்ல, பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டிகள். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்தல் அலுவலகம், ஒரு கிடங்கு, சொந்த ஸ்கேனர்கள், சொந்த ஊழியர்கள். தேர்தலுக்கு 29 நாட்களுக்கு முன்பே பதிவு செய்த வாக்காளர் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு அஞ்சலில் புறப்பட்டுவிடும். நிரப்பிய சீட்டை உறையில் போட்டு, உறையின் மேல் கையெழுத்திட்டு, அஞ்சலிலோ தெருமுனை வாக்குப் பெட்டியிலோ சேர்க்கலாம். நேரில் போயும் கொடுக்கலாம். வாக்குமையத்துக்குப் போயும் வாக்களிக்கலாம். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து, ஏழு நாட்களுக்குள் வந்து சேர்ந்த உறை செல்லும். அதாவது 2024 மார்ச் 12 வரை புதிய வாக்குகள் வந்துகொண்டே இருக்கலாம்.

வந்த உறையை அப்படியே கிழித்துப் பிரிக்க முடியாது. மேலே உள்ள கையெழுத்தைக் கோப்பில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். பொருந்தவில்லை என்று தோன்றினாலும் உடனே நிராகரிக்கச் சட்டம் விடாது. முதலில் வேறு அலுவலர்கள் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பிறகு வாக்காளருக்குத் தகவல் அனுப்பி, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும்; 2024 மார்ச்சில் அந்த அவகாசம் முடிவுக்குச் சான்றளிப்பதற்கு இரண்டு நாள் முன்பு வரை இருந்தது. நெருக்கமான போட்டிகளில் வேட்பாளர்களின் தொண்டர்கள் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பிரசாரம் முடிந்த பிறகும் நடக்கும் பிரசாரம் இது. பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. தேர்தல் நாளன்றே பெயர் பதிவு செய்து வாக்களித்தவர்களின் சீட்டுகளும், பட்டியலில் சந்தேகம் இருந்ததால் தனி உறையில் போடப்பட்ட சீட்டுகளும் கடைசியில்தான் எண்ணப்படும். அவர்கள் வேறெங்கும் வாக்களிக்கவில்லை என்று முதலில் உறுதியாக வேண்டுமல்லவா? இவற்றோடு, ஒரு சதவீத வாக்குச்சாவடிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, சீட்டுகளைக் கையால் எண்ணி, இயந்திரக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதும் கட்டாயம். இத்தனைக்கும் சட்டம் கொடுத்த கெடு 30 நாள். 2024-இல் அது ஏப்ரல் 4.

ஆகவே தேர்தல் இரவு எட்டு மணிக்கு வெளியாகும் முதல் தொகுப்பு, முந்தைய வாரங்களில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் வாக்கு. பொதுவாக வயதானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், யாருக்குப் போடுவது என்று முன்பே முடிவு செய்தவர்கள். நள்ளிரவுக்குள் வாக்குமையங்களில் நேரில் விழுந்த வாக்குகள் சேரும். அதற்கடுத்த நாட்களில் வருவது கடைசி நாளில் பெட்டியில் போட்டவர்களின் உறைகள்: இளையவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், கடைசிவரை யோசித்தவர்கள். இந்தக் கூட்டங்களின் விருப்பம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பானையில் ஒரு சோறு பதம் என்பது நன்றாகக் கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். இங்கே பானை அடுக்கடுக்காக இருக்கிறது.

இதற்கு 16-ஆவது தொகுதியைவிடத் துலக்கமான உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். 2022 ஜூன் 7-இல் நடந்த மேயர் பிரைமரியில், தேர்தல் இரவில் தொழிலதிபர் ரிக் கருசோ கிட்டத்தட்ட ஐந்து புள்ளிகள் முன்னால் இருந்தார். மறுநாள் காலை நாடு முழுக்க எழுதப்பட்ட அலசல்கள் அந்த ஐந்து புள்ளிகளை வைத்தே எழுதப்பட்டன: குற்றச்செயல்கள் மீது நகரத்துக்குக் கோபம், இடதுசாரிகளுக்குப் பாடம், இன்னபிற. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி எண்ணி முடித்தபோது கேரன் பாஸ் 43 சதவீதம், கருசோ 36. ஐந்து புள்ளி பின்னடைவு ஏழு புள்ளி முன்னிலையாகியிருந்தது. அலசல்களை யாரும் திரும்ப எழுதவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் பாஸ் மேயரானார்.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் “இரவில் ஜெயித்தார், பகலில் தோற்கடித்தார்கள்” என்று யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். தாமதம் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஊழியரும் இயந்திரமும் கூடினால் சில கவுண்டிகள் விரைவாக முடிக்க முடியும். ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி, வாக்காளருக்குக் கொடுத்த சலுகைகளின் விலை. கடைசி நாள் அஞ்சலையும் கையெழுத்துத் திருத்தத்தையும் எடுத்துவிட்டால் முடிவு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். அப்போது எந்த வாக்குகள் விடுபடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அடுத்த எண்: வாக்குப்பதிவு சதவீதம். வாக்கு எண்ணிக்கையாவது ஒரு கட்டத்தில் நிலைபெறும். சதவீதம் அப்படியல்ல, எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும்.

2024 மார்ச்சில் கலிஃபோர்னியா முழுவதும் வாக்களித்தவர்கள் சுமார் 77 லட்சம் பேர். பதிவு செய்த வாக்காளர்களால் வகுத்தால் ஏறத்தாழ 35 சதவீதம். வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்கள் எல்லோராலும் வகுத்தால் 29-ஐ ஒட்டி வரும். வயது வந்தோர் எல்லோராலும் வகுத்தால் இன்னும் கீழே. சாண்டா கிளாரா கவுண்டியில் இந்தக் கடைசி வித்தியாசம் பெரியது. அங்கே குடியிருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஹெச்-1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள், அவற்றில் நம் ஊர்க் குடும்பங்களும், வரி கட்டுகின்றன, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றன, வாக்குரிமை மட்டும் இல்லை. கண்ணில் படும் ஜனத்தொகையை வைத்து வாக்குப்பதிவைக் கணித்தால் அந்தக் கவுண்டி அரசியலில் அக்கறையற்றதாகத் தோன்றும். குடிமக்களை வைத்துக் கணித்தால் படம் வேறு.

பதிவுப் பட்டியலால் வகுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2014 ஜூன் பிரைமரியில் கலிஃபோர்னியாவின் வாக்குப்பதிவு 25.17 சதவீதம், சுமார் 44 லட்சத்து 60 ஆயிரம் பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 17 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அப்போது பதிவு செய்திருந்தவர்கள் சுமார் ஒரு கோடியே 77 லட்சம். 2018-இல் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குப் போகிறவர்களைத் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் முறை வந்தது. 2024-இல் பட்டியல் சுமார் இரண்டு கோடியே 20 லட்சத்துக்கு வளர்ந்திருந்தது. தேடிப்போய்ப் பெயர் பதிந்தவர்களோடு, படிவத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டதால் சேர்ந்தவர்களும் இப்போது வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டம் பிரைமரிக்கு வருவது குறைவாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? அதனால் பழைய பட்டியலில் 35 சதவீதமும் புதிய பட்டியலில் 35 சதவீதமும் ஒன்றல்ல. நீண்டகால ஒப்பீட்டுக்குத் தகுதியுள்ள குடிமக்களால் வகுத்த சதவீதமே நேர்மையானது என்பது என் கருத்து. அலுவலகங்களோ பதிவுச் சதவீதத்தைத்தான் முதல் வரியில் போடுகின்றன; அது அவர்களிடம் துல்லியமாக இருக்கும் எண்.

ஒரு பிரைமரிக்குக் கூட்டம் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தக் கவுண்டியின் கையில் இல்லை. சீட்டின் உச்சியில் என்ன போட்டி இருக்கிறது என்பதே முக்கியம். 2016 ஜூனில் மாநில வாக்குப்பதிவு 47.7 சதவீதம், 2020 மார்ச்சில் 46.9. இரண்டு முறையும் அதிபர் வேட்பாளர் போட்டி சூடாக இருந்தது; 2020-இல் பெர்னி சாண்டர்ஸ் கலிஃபோர்னியாவில் ஜெயித்தார். 2024 மார்ச்சில் பைடனும் டிரம்பும் ஏறக்குறைய முடிவாகிவிட்டார்கள். செனட் இடத்துக்குப் போட்டி இருந்தது உண்மை. அதுவும் ஒரே சீட்டில் இரண்டு முறை: ஒன்று முழுப் பதவிக்காலத்துக்கு, மற்றது மறைந்த டயான் ஃபைன்ஸ்டைன் விட்டுச்சென்ற மிச்சக் காலத்துக்கு. வாக்காளர்களில் பலருக்கு ஒரே பெயர்களை ஏன் இரண்டு இடத்தில் பார்க்கிறோம் என்றே புரியவில்லை. பரபரப்பு மட்டும் இல்லை. உச்சியில் பரபரப்பு இல்லாதபோது, 16-ஆவது தொகுதி போன்ற அடுத்த தட்டுப் போட்டியை ஒருபோதும் பிரைமரியைத் தவறவிடாதவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கவுண்டி அறிவிக்கும் வாக்குப்பதிவு என்பது திரும்பி வந்த சீட்டுகளின் எண்ணிக்கை. ஒரு போட்டியில் விழுந்த வாக்குகள் அதைவிட எப்போதும் குறைவு. அதிபர், செனட் கட்டங்களை நிரப்பிவிட்டு நீதிபதி தேர்தலையும் மாவட்டக் குழுக்களையும் வெறுமையாக விடுபவர்கள் ஏராளம். ஒரே போட்டியில் இரண்டு பேருக்குக் குறியிட்டு வாக்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் சிலர். வேட்பாளர் பெற்ற சதவீதம் அந்தப் போட்டியில் விழுந்த செல்லும் வாக்குகளில்தான் கணக்கிடப்படும். இரண்டையும் கலந்து “மொத்த வாக்காளரில் இத்தனை பேர் ஆதரவு” என்று எழுதினால் பிழை. இந்தப் பிழை செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

சமநிலைக்குத் திரும்புவோம். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட போட்டிக்கு மாநிலச் சட்டப்படி தானாக மறு எண்ணிக்கை கிடையாது. யாராவது ஒரு வாக்காளர் ஐந்து நாட்களுக்குள் கேட்க வேண்டும். செலவையும் அவரே நாளுக்கு நாள் முன்பணமாகக் கட்ட வேண்டும். முடிவு அவர் கேட்ட திசையில் மாறினால் பணம் திரும்பும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் டாலர். லோவும் கேட்கவில்லை, சிமிட்டியனும் கேட்கவில்லை. இருவருக்கும் ஏற்கெனவே நவம்பர் சீட்டில் இடம் உறுதியாகியிருக்க, எதற்குக் கேட்பார்கள்? கேட்டவர், லிக்கார்டோவின் பழைய பிரசாரத்தில் வேலை செய்தவர் ஒருவர். பணம் புதிதாக முளைத்த ஓர் அரசியல் நிதிக்குழுவிலிருந்து வந்தது. இரண்டு பேரோடு மோதுவதைவிட ஒருவரோடு மோதுவது லிக்கார்டோவுக்கு வசதி என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டியது. தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் லிக்கார்டோ. மறு எண்ணிக்கையைக் கடுமையாக எதிர்த்தது லோவின் தரப்பு.

ஏப்ரல் நடுவில் தொடங்கி மாத இறுதிவரை இரண்டு கவுண்டிகளிலும் சீட்டுகள் மறுபடி இயந்திரத்தில் ஓடின. மறு எண்ணிக்கையில் இயந்திரம் தெளிவாகப் படிக்காத குறிகளை மனிதக் கண் பார்க்கும். முன்பு ஒதுக்கிவைத்த சீட்டுகளைப் பற்றிக் கேள்வி எழுப்பவும் இடம் உண்டு. முடிவு: லோ 30,261, சிமிட்டியன் 30,256. ஒருவருக்கு 12 கூடியது, மற்றவருக்கு 7. மறு எண்ணிக்கையே வேண்டாம் என்றவர் ஐந்து வாக்கில் உள்ளே. அந்த அளவுக்குச் சத்தம் போடாத சிமிட்டியன் வெளியே.

கேட்டவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்த ஐந்து வாக்குகள் உண்மையானவை என்றே நினைக்கிறேன். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. 1,82,000 வாக்கில் சமநிலை வந்தால், சீட்டுகளை மறுபடி பார்ப்பது அரசாங்கத்தின் கடமையாக இருக்க வேண்டும். பணம் வைத்திருப்பவரின் விருப்பமாக இருக்கக் கூடாது. நியூயார்க்கில் அப்படித்தான் நடந்தது. 2019 ஜூன் 25-இல் குவீன்ஸ் கவுண்டியின் மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்கு நடந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில், தேர்தல் இரவில் டிஃபனி கபான் ஏறத்தாழ 1,100 வாக்குகள் முன்னால் இருந்தார். வெற்றி உரையும் நிகழ்த்திவிட்டார். அஞ்சல் வாக்குகளும், பட்டியலில் பெயர் காணாதவர்கள் உறுதிமொழி எழுதித் தந்து போட்ட உறுதிமொழிச் சீட்டுகளும் எண்ணப்பட்டதும் மெலிண்டா காட்ஸ் 20 வாக்குகள் முன்னால். வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் கீழே என்பதால், யாரும் பணம் கட்டாமலே முழு மறு எண்ணிக்கை கையால் நடந்தது. ஜூலை இறுதியில் காட்ஸ் 60 வாக்குகளில் வென்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

குவீன்ஸ் கதையில் வாக்குப்பதிவின் கோணமும் உண்டு. அங்கே பிரைமரி கட்சிக்குள் மட்டும். ஜனநாயகக் கட்சியில் பெயர் பதிந்தவர்களே வாக்களிக்கலாம். கட்சி மாறிப் பதிய வேண்டும் என்றால் முந்தைய அக்டோபருக்குள் மாறியிருக்க வேண்டும். பிரைமரிக்கு எட்டு மாதம் முன்பு, யார் நிற்கப் போகிறார்கள் என்றே தெரியாத நேரம். அப்படிப் பதிந்தவர்களிலும் வந்தவர்கள் பத்தில் ஒருவரைச் சற்றுத் தாண்டும். உறுதிமொழிச் சீட்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டவை, உறையில் கட்சியின் பெயரை எழுதவில்லை என்ற காரணத்துக்காக நீதிமன்றம் வரை இழுபட்டன. 60 வாக்கில் முடிந்த போட்டியில், யார் உறையில் கட்சியின் பெயரை எழுதினார்கள், யார் எழுதவில்லை என்பதற்கும் எடை இருந்தது. குவீன்ஸ் அப்போது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. பிரைமரியில் வென்றவருக்கு நவம்பர் சடங்குதான். 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தது, ஒரு லட்சம் பேர்கூட இல்லாத கூட்டம்.

கலிஃபோர்னியாவின் முதல்-இருவர் முறை இந்தக் குறையைப் போக்கத்தான் கொண்டுவரப்பட்டது. எல்லோரும் வாக்களிக்கலாம், கட்சிச் சுவர் இல்லை, நவம்பரில் உண்மையான போட்டி இருக்கும் என்றார்கள். 16-ஆவது தொகுதியில் நவம்பரில் போட்டி இருந்தது உண்மைதான்: லிக்கார்டோவும் லோவும், இரண்டு ஜனநாயகக் கட்சியினர். லிக்கார்டோ சுமார் 58 சதவீதம் பெற்று வென்றார். அந்த நவம்பரில் மாநிலத்தின் வாக்குப்பதிவு 71 சதவீதத்தைத் தாண்டியது. மார்ச்சில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு. புதிதாக வந்த அந்தப் பாதிப் பேர் சீட்டைப் பிரித்துப் பார்த்தபோது அதில் சிமிட்டியன் பெயர் இல்லை. மற்ற எட்டுப் பேரின் பெயரும் இல்லை.